வால்வு மைக்குகளின் மறுபிறவி: உங்கள் பணம் எதற்குப் போகிறது?

வீட்டிலேயே பாட்டு, பாட்காஸ்ட், ஆடியோ புத்தகம் என்று ரெக்கார்ட் செய்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியாயிற்று. ஆடாசிட்டி சாப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்து நல்ல மைக் ஒன்று வாங்கலாம் என்று இணையக் கடைகளில் தேடினால், "வின்டேஜ் ட்யூப்", "47 ஸ்டைல்", "67 ஸ்டைல்", "251 ஸ்டைல்" என்று வரிசையாக வந்து நிற்கின்றன. படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். விலையோ சில ஆயிரங்களில் ஆரம்பித்துப் பல லட்சங்கள் வரை போகும்.

இந்த 47, 67, 251 எல்லாம் என்ன? பழைய மைக்கை இன்று திரும்பச் செய்கிறோம் என்று சொல்பவர்கள் உண்மையில் எதைத் திரும்பச் செய்கிறார்கள்? இக்கட்டுரையில் இதைத்தான் பார்க்கப் போகிறோம். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சாப்ட்வேர் எழுதப் போனவன். ஒலிப்பதிவு என் தொழில் அல்ல, வார இறுதி வேலை. ஆகவே ஸ்டுடியோக்காரர்கள் "வெதுவெதுப்பான சவுண்ட்" என்று சொல்லும்போது, அது சர்க்யூட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

முதலில் ஒரு சொல் விளக்கம். அமெரிக்கர்கள் ட்யூப் என்பதை பிரிட்டிஷ்காரர்கள் வால்வு என்பார்கள். வால்வு ரேடியோ கேட்டு வளர்ந்த நம் தாத்தாக்களுக்கும் அது வால்வுதான். இங்கே வால்வு என்றே எழுதுகிறேன்.

மைக்குக்குள் வால்வு எதற்கு?

கன்டென்சர் மைக்கின் முன்பகுதியில், கம்பி வலைக்குள், நாணயம் போல வட்டமான ஒரு பாகம் இருக்கும். இதற்குக் கேப்ஸ்யூல் என்று பெயர். துளைகள் போட்ட ஒரு உலோகத் தகடு, அதன் முன்னால் தங்கம் பூசிய மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம். இன்றைய படலங்கள் சுமார் 6 மைக்ரான் கனம்தான். நம் தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தகடும் படலமும் சேர்ந்து ஒரு கன்டென்சர், அதாவது கெப்பாசிட்டர். நாம் பேசும்போது படலம் அசைகிறது, இடைவெளி மாறுகிறது, கெப்பாசிட்டரின் மதிப்பு மாறுகிறது. அதற்கு ஏற்கெனவே கொடுத்து வைத்திருக்கும் 60 வோல்ட் போன்ற மின்னழுத்தம் அந்த அசைவை சிக்னலாக மாற்றுகிறது.

சிக்கல் எங்கே என்றால், இந்தக் கெப்பாசிட்டர் மிகமிகச் சிறியது. 80 பிகோ ஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 ஹெர்ட்ஸ் அலைவரிசையில் அதன் மின்மறுப்பைக் கணக்குப் போட்டால் சுமார் 100 மெகா ஓம் வரும். பத்து கோடி ஓம்! இதை நேராக ஐந்து மீட்டர் கேபிளில் இணைத்தால் கேபிளே சிக்னலை விழுங்கிவிடும். எனவே கேப்ஸ்யூலுக்குப் பக்கத்திலேயே, மைக்கின் உடம்புக்குள், சிக்னலை இழக்காமல் வாங்கிக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு உறுப்பு தேவை. 1920களில் இந்த வேலைக்கு வால்வு ஒன்றுதான் இருந்தது. வேறு வழி இல்லாததால்தான் போட்டார்கள், இனிமைக்காக அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வால்வுக்கு இழையைச் சூடாக்க மின்சாரம் வேண்டும். இன்றைய ஆடியோ இன்டர்ஃபேஸில் இருக்கும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர், நார்வே வானொலிக்காக நாய்மன் நிறுவனம் 1966ல் செய்து கொடுத்த முறை. டிரான்சிஸ்டர் மைக்குகளுக்காக வந்தது அது. அதிலிருந்து 10 மில்லி ஆம்பியர் எடுப்பதே அதிகம். இஎஃப் 86 என்ற வால்வின் இழைக்கு மட்டும் 200 மில்லி ஆம்பியர் தேவை. அதனால்தான் உண்மையான வால்வு மைக்குடன் தனியாக ஒரு பவர் சப்ளைப் பெட்டியும், பல பின்கள் உள்ள தடித்த கேபிளும் வரும். ஃபேண்டம் பவரிலேயே வேலை செய்யும் மைக்குக்கு "வால்வு மைக்" என்று விளம்பரம் போட்டிருந்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

பெர்லினும் வியன்னாவும்

கியோர்க் நாய்மன் 1928ல் பெர்லினில் நிறுவனம் தொடங்கினார். அதே ஆண்டில் வந்த அவருடைய சிஎம்வி 3, பாட்டில் வடிவில் இருந்த கன்டென்சர் மைக். இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1940களின் இறுதியில் யு 47 வந்தது. உள்ளே எம் 7 கேப்ஸ்யூல், டெலிஃபங்கன் நிறுவனத்தின் விஎஃப் 14 வால்வு, ஒரு வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர். ஃப்ராங்க் சினாட்ரா பாடியது இந்த மைக்கில். லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் குழுவினர் பாடியது இதன் உடன்பிறப்பான யு 48லும் இதிலும்.

விஎஃப் 14 ஒரு ரேடியோ வால்வு. இதன் இழை 55 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது. நாய்மன் பொறியாளர்கள் அதற்கு சுமார் 36 வோல்ட்தான் கொடுத்தார்கள். குறைவாகச் சூடேற்றினால் இரைச்சல் குறையும், ஆயுள் கூடும். மொத்த மைக்குக்கும் 105 வோல்ட் ஒரே லைன். அதிலிருந்து 1780 ஓம் ரெசிஸ்டர் வழியாக இழைக்கு மின்சாரம். அந்த ரெசிஸ்டர் மைக்கின் உள்ளேயே இருப்பதால் மைக்கின் உடம்பு உண்மையாகவே வெதுவெதுப்பாக இருக்கும்! இரைச்சல் குறைவான வால்வுகளைச் சோதித்துப் பொறுக்கி 'எம்' என்று முத்திரை குத்தினார்கள்.

1950களின் இறுதியில் விஎஃப் 14 தயாரிப்பு நின்றது. கையிருப்பு தீரும்வரை, 1965 வாக்கில், யு 47 வந்துகொண்டிருந்தது. பழைய மைக்குகளில் வால்வு போய்விட்டால் மாற்றாக நாய்மனே கொடுத்தது நியூவிஸ்டர் என்ற குட்டி உலோக வால்வைத்தான். செய்தவர்களே மாற்றிப் போட்டுக் கொடுத்த பாகத்துக்கு இன்று ஒரிஜினல் வேண்டும் என்று ஒரு வால்வுக்கு மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் ஆஸ்திரியா. வியன்னாவில் 1947ல் தொடங்கிய ஏகேஜி நிறுவனம் 1953ல் சி 12 என்ற மைக்கை வெளியிட்டது. இதன் கேப்ஸ்யூல் சிகே 12. அது எந்தத் திசையிலிருந்து ஒலியைப் பிடிக்க வேண்டும் என்பதை பவர் சப்ளைப் பெட்டியிலிருந்தே ஒன்பது விதமாக மாற்றலாம். அதுவரை நாய்மன் மைக்குகளை விற்று வந்த டெலிஃபங்கன், அந்த ஏற்பாடு முடிந்ததும் ஏகேஜியிடம் போய்த் தன் பெயரில் செய்யச் சொன்னது. அதுதான் ஈஎல்ஏ எம் 251. கேப்ஸ்யூல் அதே சிகே 12.

ஆக 47 என்றால் பெர்லின், 12 மற்றும் 251 என்றால் வியன்னா. இரண்டு கேப்ஸ்யூல்களும் வேறு குடும்பம். எம் 7ல் சிக்னல் படலத்தின் நடுவில் ஒரு திருகு வழியாக எடுக்கப்படுகிறது. சிகே 12ல் விளிம்பிலிருந்து. எனவே "47, 251 இரண்டும் ஒரே மைக்கில்" என்று யாராவது சுவிட்ச் போட்டு விற்றால், அவர் எந்தக் கேப்ஸ்யூலைப் போட்டிருக்கிறார் என்று கேளுங்கள்.

எந்த 47?

இங்கேதான் எனக்குப் பிடித்த பிரச்சினை வருகிறது. எம் 7 கேப்ஸ்யூலின் படலம் பிவிசி. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் பிளாஸ்டிக் குடும்பம். அதை வளையச் செய்யும் பொருள் வருடங்கள் போகப் போக வெளியேறிவிடும். படலம் இறுகும், தங்கப் பூச்சு வெடிக்கும். பிறகு 1960 வாக்கில் நாய்மன் பாலியெஸ்டர் படலத்துக்கு மாறி, அந்தக் கேப்ஸ்யூலுக்குக் கே 47 என்று பெயர் வைத்தது. போரின்போது பெர்லினில் குண்டு விழுந்ததால் 1943ல் நாய்மன் தொழிற்சாலை துரிங்கியா பகுதியின் கேஃபெல் ஊருக்குப் போனது. போருக்குப் பின் ஜெர்மனி பிரிந்ததில் அந்தத் தொழிற்சாலை கிழக்கில் மாட்டிக்கொண்டு, பின்னாளில் மைக்ரோடெக் கேஃபெல் என்று பெயர் பெற்று, எம் 7ஐ பிவிசி படலத்துடனேயே பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்தது.

இப்போது கேள்வி. ஒருவர் "யு 47ஐ அப்படியே திரும்பச் செய்திருக்கிறேன்" என்றால், எதை? 1950ல் பெட்டியிலிருந்து எடுத்த புது 47ஐயா? எழுபது வருடம் இறுகிப்போன 47ஐயா? பிவிசி 47ஐயா, பாலியெஸ்டர் 47ஐயா? ஒரே வரிசை எண் குடும்பத்து இரண்டு பழைய யு 47கூட இன்று ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. சாப்ட்வேரில் சொன்னால், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ரெஃபரன்ஸ் ஃபைலே நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கிறது. "அப்படியே" என்ற சொல்லை விளம்பரத்தில் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

67ல் இருக்கும் தந்திரம்

வீட்டில் ரெக்கார்ட் செய்பவர்கள் அவசியம் புரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பகுதி. சற்று நிதானமாகப் படியுங்கள்.

விஎஃப் 14 போனபின் நாய்மன் 1960ல் யு 67ஐக் கொண்டு வந்தது. வால்வு இஎஃப் 86. கேப்ஸ்யூல் புதியது, கே 67. பாடகர்கள் மைக்கை ஒட்டி நின்று பாடத் தொடங்கிவிட்ட காலம் அது. கே 67 கேப்ஸ்யூலைத் தனியாக அளந்தால், 10 கிலோ ஹெர்ட்ஸ் அருகே பல டெசிபல் உயர்ந்து நிற்கும். அதாவது 'ஸ', 'ச', சலங்கை போன்ற ஓசைகளைத் தூக்கிக் காட்டும். இது குறை அல்ல, வேண்டுமென்றே செய்தது. ஏனென்றால் சர்க்யூட்டில் அதற்கு எதிர்வேலை இருக்கிறது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு கூடுதல் சுற்று வைத்து, அங்கிருந்து சிக்னலில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளீட்டுப் பக்கத்துக்கு எதிர்த்திசையில் ஊட்டுகிறார்கள். இந்த ஃபீட்பேக் உயர் அலைவரிசையைக் கீழே இழுக்கிறது. கேப்ஸ்யூல் தூக்கியதை சர்க்யூட் இறக்கிச் சமன் செய்கிறது.

எதற்கு இந்தச் சுற்றுவழி? சர்க்யூட் இறக்கும்போது கேப்ஸ்யூலின் ஓசை மட்டுமல்ல, வால்வின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து இறங்குகிறது. எஃப்எம் ரேடியோவிலும் டேப்பிலும் இதே தந்திரம் உண்டு. அனுப்பும்போது தூக்கு, வாங்கும்போது இறக்கு.

ஆகவே கே 67 கேப்ஸ்யூலும் அந்த சர்க்யூட்டும் பூட்டும் சாவியும் போல. ஒன்றை மட்டும் எடுத்தால் பயனில்லை. ஆனால் 1990களின் பிற்பகுதியிலிருந்து சீனத் தொழிற்சாலைகள் பெரிய கேப்ஸ்யூல் மைக்குகளைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியபோது நடந்தது இதுதான். கே 67ஐப் போன்ற கேப்ஸ்யூலைச் செய்ய நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அதைப் பொருத்தியதோ, உயர் அலைவரிசையை இறக்கும் ஏற்பாடு இல்லாத, டிரான்ஸ்ஃபார்மரும் இல்லாத ஒரு எளிய சர்க்யூட்டில். தட்டையாக, உள்ளதை உள்ளபடி அனுப்பும் சர்க்யூட் அது. நல்ல சர்க்யூட்தான், இந்தக் கேப்ஸ்யூலுக்குப் பொருத்தமானது அல்ல. தூக்கியது தூக்கியபடியே வெளியே வந்தது. மலிவான கன்டென்சர் மைக் காதைக் குத்துகிறது என்ற பேச்சுக்கு முக்கியக் காரணம் இதுதான், வால்வு இல்லாதது அல்ல.

எங்கள் குடியிருப்பில் ஒரு அக்கா வீட்டிலிருந்தே ஆடியோ புத்தகம் வாசிக்கிறார். அவருடைய மைக் இந்த ரகம். ஒரு தயாரிப்பாளர் "எஸ் எல்லாம் குத்துகிறது" என்று இரண்டு அத்தியாயங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அக்கா மாதத் தவணையில் 85 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு "67 ஸ்டைல்" வால்வு மைக்கை முடிவு செய்துவிட்டு என்னிடம் கேட்டார். "தம்பி, இதுல வால்வு இருக்குன்னு போட்டிருக்கான். அப்போ குத்தாதுல்ல?"

நான் அந்த மைக்கின் விவரத் தாளைப் பார்த்தேன். கே 67 வகைக் கேப்ஸ்யூல், ஒரு வால்வு, டிரான்ஸ்ஃபார்மர். ஃபீட்பேக் சுற்று பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூடவே கொடுத்திருந்த வரைபடத்தில் 10 கிலோ ஹெர்ட்ஸ் அருகே நல்ல மேடு. வால்வு இருந்தாலும் குத்தப் போவது நிச்சயம். அவருடைய பழைய ரெக்கார்டிங்கையே ஆடாசிட்டியில் திறந்தேன். எஃபெக்ட் மெனுவில் ஃபில்டர் கர்வ் ஈக்யூ. 6 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு புள்ளியை 0 டெசிபலில் வைத்து, 10 கிலோ ஹெர்ட்ஸில் இன்னொரு புள்ளியை மைனஸ் 4 டெசிபலுக்கு இறக்கி, 15 கிலோ ஹெர்ட்ஸில் மைனஸ் 2க்குக் கொண்டு வந்தேன். நாய்மன் ஃபீட்பேக் சுற்று வைத்துச் செய்த வேலையின் எளிய வடிவம் இது. இரைச்சலும் கூடவே கொஞ்சம் இறங்கும். திருத்திய அத்தியாயங்களைத் தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்டார். தவணையை அக்கா இன்னும் தொடங்கவில்லை.

உங்கள் மைக்குக்கு மேட்டின் இடமும் உயரமும் சற்று மாறும். 8 முதல் 12 கிலோ ஹெர்ட்ஸுக்குள் புள்ளியை நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். 6 டெசிபலுக்கு மேல் இறக்க வேண்டி வந்தால் பிரச்சினை மைக்கில் மட்டும் இல்லை, நீங்கள் மிக அருகில் நேர் எதிரே பேசுகிறீர்கள் என்று அர்த்தம். முகத்தைச் சற்று பக்கவாட்டில் திருப்பிப் பேசிப் பாருங்கள்.

வால்வு ஒன்றுமே செய்யாதா?

செய்யும், விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. நாய்மன் தன் யு 67க்குக் கொடுத்திருக்கும் கணக்கில், 114 டெசிபல் ஒலியில்தான் டிஸ்டார்ஷன் அரை சதவீதத்தைத் தொடுகிறது. ஒரு முழம் தள்ளி நின்று சாதாரணமாகப் பாடுபவர் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டார். உரக்க, ஒட்டி நின்று பாடும்போதும், டிரம்ஸ் அல்லது ட்ரம்பெட் முன்னால் வைக்கும்போதும் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து சற்றுத் தடிமன் கொடுக்கும். அது காதுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு மைக்கின் குணத்தைத் தீர்மானிப்பதில் என் வரிசை இது: முதலில் கேப்ஸ்யூல், அதற்கு இணையாக அதைச் சுற்றியுள்ள கம்பி வலையும் இடவெளியும், பிறகு சர்க்யூட்டின் ஃபீட்பேக், பிறகு டிரான்ஸ்ஃபார்மர், கடைசியில் வால்வு. ஸ்டுடியோக்காரர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சண்டை போடட்டும்.

இன்றைய மறுபடைப்புகள்

இவற்றை மூன்று ரகமாகப் பார்க்கலாம்.

பழைய நிறுவனமே திரும்பச் செய்வது முதல் ரகம். நாய்மன் 2018ல் யு 67ஐ மீண்டும் வெளியிட்டது. கே 67 கேப்ஸ்யூல் தயாரிப்பு நிற்கவே இல்லை என்பதால் இதற்கு நல்ல அடித்தளம் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரைப் பழைய ஆவணங்களைப் பார்த்துத் திரும்பச் செய்தார்கள். இஎஃப் 86 வால்வுகளைச் சோதித்துப் பொறுக்குகிறார்கள். பவர் சப்ளை மட்டும் புதிது. விலை அப்போது சுமார் 7,000 டாலர், அன்றைய மதிப்பில் நாலே முக்கால் லட்சம் ரூபாய், வரி தனி. 2022ல் 1950களின் எம் 49 மைக்கும் எம் 49 வி என்று திரும்ப வந்தது. யு 47 மட்டும் வால்வுடன் திரும்ப வரவில்லை. விஎஃப் 14 இல்லையே!

இரண்டாவது ரகம், வேறு நிறுவனம் பழைய டிசைனைப் பார்த்துச் செய்வது. இதில் இரண்டு எல்லைகள் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டெலிஃபங்கன் பெயர் உரிமையை வாங்கிய ஒரு நிறுவனம் 2000களின் தொடக்கத்திலிருந்து 251ஐயும் பிறகு 47ஐயும் பாகம் பாகமாகப் பழையபடியே செய்ய முயல்கிறது. விலையும் அதற்கேற்றபடி பல ஆயிரம் டாலர். மறுபக்கம் டெக்சாஸின் வார்ம் ஆடியோ, 900 டாலர் அளவில் டபிள்யூஏ 47ஐக் கொண்டு வந்தது. அதில் விஎஃப் 14க்குப் பதில் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே தயாரிப்பான 5751 வால்வு. குடும்பமே வேறு. ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்கு நல்ல செலவு செய்திருக்கிறார்கள், கேப்ஸ்யூலும் கே 47 வடிவம். என் வரிசைப்படி பார்த்தால் சரியான இடத்தில் செலவு, சரியான இடத்தில் சிக்கனம்.

மூன்றாவது ரகம் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. நிக்கல் பளபளப்பு, பெரிய தலை, மரப்பெட்டி. உள்ளே நாம் மேலே பார்த்த அதே கேப்ஸ்யூலும் தட்டையான சர்க்யூட்டும், நடுவில் ஒரு வால்வு. இந்த ரகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? விவரத் தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். கேப்ஸ்யூல் எந்த வகை? டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா? அலைவரிசை வரைபடம் கொடுத்திருக்கிறார்களா? வால்வின் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு மற்ற மூன்றையும் சொல்லாமல் விட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

சாப்ட்வேரில் முடியாதா?

என் துறை என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2000ஆம் ஆண்டிலேயே அன்டாரஸ் நிறுவனம் மைக்ரோபோன் மாடலர் என்ற சாப்ட்வேரை வெளியிட்டது. உங்கள் மைக் எது என்று சொல்லுங்கள், எந்த மைக் வேண்டும் என்று சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன் என்றது. தத்துவம் எளிது. இரண்டு மைக்குகளின் அலைவரிசைப் படங்களின் வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதையே ஈக்யூவாகப் போடுவது. அக்காவின் ஃபைலுக்கு நாம் கையால் செய்ததன் துல்லிய வடிவம்.

எங்கே தடுக்கிறது? நேர் எதிரே வரும் குரலுக்கு ஒரு படம், 45 டிகிரியில் வருவதற்கு வேறு படம், பின்னாலிருந்து வருவதற்கு இன்னொரு படம் என்று ஒவ்வொரு மைக்குக்கும் உண்டு. அறையில் குரல் சுவரில் பட்டு எல்லாப் பக்கமிருந்தும் திரும்பி வருகிறது. எல்லாம் கூடி ஒரே சேனலாகப் பதிவாகிறது. 7 என்ற விடையை மட்டும் கொடுத்துவிட்டு, இது 3ம் 4மா அல்லது 5ம் 2மா என்று கேட்டால் எந்தப் புரோகிராமாலும் சொல்ல முடியாது. விவரம் தொலைந்துவிட்டது.

டவுன்சென்ட் லேப்ஸ் என்ற நிறுவனம் ஸ்ஃபியர் எல் 22 என்ற மைக்கில் இதற்கு ஒரு நல்ல வழி செய்தது. கேப்ஸ்யூலின் முன்படலம், பின்படலம் இரண்டையும் இரண்டு தனிச் சேனல்களாகப் பதிவு செய்வது. 3ஐயும் 4ஐயும் தனித்தனியாகவே வைத்துக்கொள்கிறது. திசைத் தன்மையைப் பதிவுக்குப் பிறகும் மாற்றலாம், பக்கவாட்டு ஒலியையும் ஓரளவு மாடல் செய்யலாம். 2021ல் யுனிவர்சல் ஆடியோ நிறுவனம் இதை வாங்கிக்கொண்டது. இந்த மைக்கில் வால்வே கிடையாது என்பதைக் கவனியுங்கள். 47, 67, 251 எல்லாம் மெனுவில் இருக்கின்றன.

நீங்களே சோதிக்க

இரண்டு மைக்குகளை ஒப்பிடும் வாய்ப்பு கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். இரண்டின் தலைகளும் கிட்டத்தட்ட ஒட்டி இருக்கும்படி வைத்து, ஒரே சமயத்தில் இரண்டு சேனல்களில் பதிவு செய்யுங்கள். தனித்தனியாக இரண்டு முறை பாடினால் மைக்கைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு பாட்டைச் சோதிப்பீர்கள். ஆடாசிட்டியில் ஸ்டீரியோ டிராக்கை இரண்டு மோனோ டிராக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் லவுட்னஸ் நார்மலைசேஷன் கொடுத்து ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள். இந்தப் படியை விடக்கூடாது. ஒரு டெசிபல் சத்தம் கூடினாலே அந்த மைக் "செழுமையாக" இருப்பதாகக் காது பொய் சொல்லும்.

இரண்டையும் வேவ் ஃபைலாகச் சேமித்து, விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் ஃபூபார் 2000 ப்ளேயரில் ஏபிஎக்ஸ் கம்பேரேட்டர் என்ற இணைப்பை நிறுவுங்கள். எது எந்த மைக் என்று காட்டாமல் அது ஒலிக்கச் செய்யும், நீங்கள் சொல்ல வேண்டும். 16 முறை செய்யுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் வித்தியாசம் உங்கள் காதுக்கு உண்மையாகவே தெரிகிறது. வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் அது நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நாலுக்கும் குறைவு. பிறகு 10 கிலோ ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஈக்யூ செய்துவிட்டு மீண்டும் 16 முறை. இப்போது மார்க் 8, 9க்கு இறங்கிவிட்டால், விலை வித்தியாசத்தில் பெரும் பங்கு அந்த மேட்டுக்குத்தான். இறங்கவில்லை என்றால் நீங்கள் கேட்பது ஈக்யூவால் வராத ஒன்று. அப்போது கூடுதல் பணம் கொடுக்க உங்களிடம் ஒரு காரணம் இருக்கிறது.

சோதனையை உங்கள் அறையிலேயே செய்யுங்கள், கடையில் அல்ல. ஃபேனை நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எதுவும் செய்ய முடியாது.

வால்வு மைக் ஏதாவது கைக்கு வந்தால் பவர் சப்ளையைத் திறக்காதீர்கள். உள்ளே 100 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர்களில் சிறிது நேரம் தங்கும். கேபிளைச் செருகும்போதும் கழற்றும்போதும் சப்ளை அணைந்திருக்க வேண்டும். பதிவுக்கு அரை மணி முன்பே போட்டுவிட்டால் வால்வு சூடேறி நிலைப்படும். வேலை முடிந்ததும் ஆறவிட்டு, பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். 100 மெகா ஓம் கணக்கு நினைவிருக்கிறதல்லவா? கேப்ஸ்யூலில் படியும் ஈரம் அந்த மின்மறுப்பின் பக்கத்திலேயே ஒரு கசிவுப் பாதை போட்டுவிடும். படபட என்று வெடிக்கும் சத்தம் கேட்டால் உடனே வால்வை மாற்றக் கிளம்பாமல், ஒரு நாள் முழுக்க சிலிக்கா ஜெல்லுடன் வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.